தீவாகிப்போன தீபகற்பம்

குழந்தைகளே! புத்தகப் பையில் அட்லஸ் இருக்கிறதா? இருந்தால் ஆசியா படம் உள்ள பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சீனாவுக்குக் கிழக்கே, ஜப்பானைத் தொட்டுவிடப் போவதுபோல ஒரு நிலப்பகுதி கடலுக்குள் நீண்டிருக்கும். அதுதான் கொரியத் தீபகற்பம். அதன் தெற்குப் பாதிதான் இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் தென் கொரியா.

மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் நிலமும் இருந்தால் தீபகற்பம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். படத்தைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் தென் கொரியாவில் ஒரு ரயில் நிலையத்துக்குப் போய், "பக்கத்து நாட்டுக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காது! காரிலோ பஸ்ஸிலோ போகலாமா? அதுவும் முடியாது. வடக்கே, சுமார் 250 கிலோ மீட்டர் நீளத்துக்கும் 4 கிலோ மீட்டர் அகலத்துக்கும் ஒரு பட்டை கிடக்கிறது. முள்வேலியும் கண்ணிவெடியும் நிறைந்த அந்த இடத்தில் மனிதர்கள் நடமாடுவது இல்லை. (மனிதர் வராததால் அங்கே அபூர்வமான கொக்குகள் நிம்மதியாக வாழ்கின்றன என்பது வேறு கதை.) அதற்கு அப்பால் வட கொரியா.

ஆக, தென் கொரியாவுக்கு நான்காவது பக்கமும் அடைபட்டுவிட்டது. பூகோளப்படி தீபகற்பம், நடைமுறையில் அது ஒரு தீவு. வெளியிலிருந்து வருகிற எதுவும் கப்பலில் வர வேண்டும், அல்லது விமானத்தில் வர வேண்டும். இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டின் தொழிற்சாலைகள் எங்கே இருக்கின்றன, மக்கள் எங்கே குவிந்திருக்கிறார்கள், எந்த ஊரில் பள்ளிக்கூடம் மூடப்படுகிறது என்பதெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

பாகம் பிரிந்தபோது...

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தோற்றதும், வடக்கே சோவியத் படையும் தெற்கே அமெரிக்கப் படையும் வந்து நின்றன. 38-வது அட்சக்கோடுதான் எல்லை என்றார்கள். ஒரே மொழி பேசிய, ஒரே சோற்றைச் சாப்பிட்ட மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்.

அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது கிணறு ஒருவருக்கும், வறண்ட நிலம் மற்றவருக்கும் போவதைக் கிராமத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கேயும் அப்படித்தான். நிலக்கரிச் சுரங்கம், இரும்புத்தாது, பெரிய நீர்மின் நிலையங்கள், உரத் தொழிற்சாலை எல்லாம் பெரும்பாலும் வடக்கே போயின. தெற்கே கிடைத்தது வயல்கள். 1948-ம் ஆண்டு மே மாதம் வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரமும் நிறுத்தப்பட்டது. 1950 ஜூனில் போர் மூண்டது. மூன்று ஆண்டுகளில் தலைநகர் சியோல் நான்கு முறை கை மாறியது. 1953 ஜூலையில் சண்டையை நிறுத்த ஒப்பந்தம் போட்டார்கள். சமாதான ஒப்பந்தம்? அது இன்றுவரை போடப்படவில்லை.

போர் நின்றபோது தென் கொரியாவிடம் என்ன இருந்தது? தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் சதுர கிலோ மீட்டர். தென் கொரியா 1 லட்சம்தான். அதிலும் பத்தில் ஏழு பங்கு மலை. விறகுக்காக மரங்களை வெட்டி வெட்டி அந்த மலைகளும் மொட்டையாகிக் கிடந்தன. எண்ணெய் கிடையாது. 1960-களின் தொடக்கத்தில் ஒரு கொரியரின் சராசரி ஆண்டு வருமானம் 100 டாலருக்கும் குறைவு. இன்று அது 30 ஆயிரம் டாலருக்கும் மேல்!

நடுவில் என்ன நடந்தது?

முடியில் தொடங்கிய கதை

தங்களிடம் இருந்த ஒரே சரக்கு மனிதர்களின் உழைப்புதான் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். வெளிநாட்டிலிருந்து பொருளை வாங்கி, அதில் தங்கள் உழைப்பைச் சேர்த்து, மறுபடி வெளிநாட்டுக்கே விற்பது என்று திட்டம். முதலில் என்ன விற்றார்கள் தெரியுமா? சவுரி முடி! பெண்கள் தங்கள் நீண்ட கூந்தலை வெட்டி விற்றார்கள்; அதை 'விக்' ஆகச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். இந்தோனேசியா, மலேசியா பக்கமிருந்து மரத்தை வாங்கி பிளைவுட் செய்தார்கள். பஞ்சை வாங்கித் துணியாக்கினார்கள். 1964-ல் ஏற்றுமதி 10 கோடி டாலரைத் தொட்டது. அதற்காகவே 'ஏற்றுமதி நாள்' என்று ஒரு நாளை வைத்துக் கொண்டாடினார்கள். நமக்குக் குழந்தைகள் தினம் மாதிரி அவர்களுக்கு ஏற்றுமதி தினம்!

அந்தக் கொண்டாட்டத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சியோலில் 'அமைதிச் சந்தை' என்று ஒரு துணிச் சந்தை உண்டு. பெயர்தான் அமைதி. அதன் மாடிகளில், நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்ந்த கூரைக்குக் கீழே, 13, 14 வயதுச் சிறுமிகள்கூட நாளெல்லாம் தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சம்பளத்தைத் தம்பியின் பள்ளிக் கட்டணத்துக்காக ஊருக்கு அனுப்பினார்கள். 1961-ல் ராணுவப் புரட்சியின் மூலம் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீதான் அப்போது அதிபர். தொழில் வளர வேண்டும் என்பதில் அவர் காட்டிய வேகத்தைத் தொழிலாளர் குரலைக் கேட்பதில் காட்டவில்லை. எதிர்த்துப் பேசியவர்கள் சிறைக்குப் போனார்கள். மக்கள் நேரடியாக வாக்களித்து அதிபரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, 1987-ல் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கிப் போராடித்தான் திரும்பப் பெற்றார்கள். 'கொரியா அதிசயம்' என்று எழுதுகிறவர்கள் பல பேர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள்.

யாருக்காக இந்தச் சாலை?

1968 பிப்ரவரியில் சியோலிலிருந்து தெற்கே புசான் துறைமுகம் வரை ஒரு நெடுஞ்சாலை போடத் தொடங்கினார்கள். நீளம் 428 கிலோ மீட்டர். அப்போது அந்த நாட்டில் கார் வைத்திருந்தவர்களே மிகக் குறைவு. "பணக்காரர் சிலர் உல்லாசமாகப் போவதற்கா இவ்வளவு செலவு?" என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. நியாயமான கேள்விதானே?

ஆனால் சாலை கார்களுக்காகப் போடப்படவில்லை. சரக்கு லாரிகளுக்காகப் போடப்பட்டது. நிலவழி அடைபட்ட நாட்டில், தலைநகரில் தைத்த சட்டை உலகத்தைப் பார்க்க வேண்டுமானால் முதலில் புசான் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும்! மலையைக் குடைந்து, ஆற்றைத் தாண்டி, 1970 ஜூலையில் சாலையை முடித்துவிட்டார்கள். இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை. அந்த அவசரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. வேலையின்போது 77 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுக்கு நினைவுச் சின்னம் அந்தச் சாலையோரத்திலேயே இருக்கிறது.

அடுத்து இரும்பு. இரும்புத்தாதும் இல்லை, நல்ல நிலக்கரியும் இல்லை. அப்படிப்பட்ட நாட்டுக்கு எதற்கு இரும்பாலை என்று வெளிநாட்டு நிபுணர்கள் கேட்டார்கள். கடன் தர மறுத்தார்கள். 1965-ல் ஜப்பானுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, முப்பத்தைந்து ஆண்டு ஆட்சிக்குப் பிறகு ஜப்பான் கொடுத்த பணம் கொஞ்சம் இருந்தது. அதில் ஒரு பங்கை எடுத்து, கிழக்குக் கடற்கரையில் போஹாங் என்ற ஊரின் மணல்வெளியில் 'போஸ்கோ' ஆலையைக் கட்டினார்கள். 1973 ஜூன் 9-ம் தேதி ஊதுலையிலிருந்து முதல் இரும்புக் குழம்பு வழிந்தது.

ஏன் கிழக்குக் கடற்கரை? அட்லஸை மறுபடி பாருங்கள். கொரியாவின் மேற்குக் கடல் ஆழம் குறைந்தது; சேறு நிறைந்தது. இஞ்சியோன் பக்கம் கடல் பொங்கி வற்றும்போது நீர்மட்டம் 9 மீட்டர் வரை ஏறி இறங்கும். மூன்று மாடி உயரம்! கிழக்கும் தென்கிழக்கும் அப்படி அல்ல. கரையை ஒட்டியே நல்ல ஆழம். ஆஸ்திரேலியாவிலிருந்து தாதும் நிலக்கரியும் ஏற்றி வரும் பெரிய கப்பல் நேராக ஆலையின் வாசலில் வந்து நிற்கலாம். சுரங்கத்தின் பக்கத்தில் ஆலை இருந்தால் தாது மலிவாகக் கிடைக்கும் என்பது பழைய கணக்கு. துறைமுகத்தின் பக்கத்தில் இருந்தாலும் அதே லாபம் உண்டு என்று இவர்கள் காட்டிவிட்டார்கள்.

நோட்டில் இருந்த கப்பல்

போஹாங்குக்குத் தெற்கே உல்சான் என்று ஒரு ஊர். அங்கே ஒரு கப்பல் கட்டும் தளம் அமைக்க வேண்டும் என்று ஹூண்டாய் நிறுவனத்தை நிறுவிய சுங் ஜூ யுங் 1971-ல் பிரிட்டனுக்குக் கடன் கேட்கப் போனார். "பெரிய கப்பல் எதையும் கட்டியதே இல்லையே, உங்களை எப்படி நம்புவது?" என்று கேட்டார்களாம். அவர் சட்டைப் பையிலிருந்து 500 வோன் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாராம். (வோன் என்பது கொரியப் பணம்.) அந்த நோட்டில் ஆமை வடிவக் கப்பலின் படம் இருந்தது. 1592-ல் ஜப்பான் படையெடுத்து வந்தபோது தளபதி யி சுன் ஷின் ஓட்டிய போர்க்கப்பல் அது. "நாங்கள் அப்போதே கட்டியவர்கள்" என்றாராம்.

நோட்டைப் பார்த்து யாராவது கடன் கொடுப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. கடன் கிடைக்க வேறு காரணங்களும் இருந்திருக்கும். கிரேக்கக் கப்பல் முதலாளி ஒருவர் இரண்டு எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தார். ஒவ்வொன்றும் 2 லட்சத்து 60 ஆயிரம் டன். அப்போது உல்சானில் தளமே இல்லை, வெறும் கடற்கரை! ஒரு பக்கம் தளத்தைக் கட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் கப்பலையும் கட்டினார்கள். 1972-ல் தொடங்கிய வேலை 1974-ல் முடிந்தது. இன்று கப்பல் கட்டுவதில் சீனா முதலிடத்தில் இருக்கிறது; அடுத்த இடம் கொரியாவுக்கு. எரிவாயுவைக் குளிர வைத்துத் திரவமாக்கி எடுத்துச்செல்லும் கப்பல்களில் கொரியர்களின் கைதான் ஓங்கியிருக்கிறது.

சுங் ஜூ யுங் பிறந்த ஊர் இப்போது வட கொரியாவில் இருக்கிறது. சிறுவயதில் அப்பா மாடு விற்ற காசை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியவர் அவர். 1998-ல், 82 வயதில், லாரிகளில் மாடுகளை ஏற்றிக்கொண்டு அந்த முள்வேலி எல்லையைத் தாண்டி வட கொரியாவுக்குப் போய்க் கொடுத்தார். முதலில் 500, பிறகு 501. அந்த ஒற்றை மாடுதான் அப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்த கடன், மற்றவை வட்டி!

உல்சானில் ஹூண்டாயின் கார் தொழிற்சாலையும் இருக்கிறது. உலகிலேயே ஒரே இடத்தில் அமைந்த மிகப் பெரிய கார் தொழிற்சாலை என்று அதைச் சொல்கிறார்கள். அதற்கென்றே தனித் துறைமுகம் உண்டு. இதே நிறுவனம் 1996-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-ல் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. சென்னையில் கொரிய மொழிப் பெயர்ப்பலகைகளைப் பார்த்திருக்கிறீர்களா? வேலைக்காக வந்த கொரியக் குடும்பங்களுக்காக வந்தவை அவை. அந்தக் குடும்பத்துக் குழந்தைகளும் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடும். தற்செயலான ஒற்றுமைதான், ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா?

தீயில் போட்ட போன்கள்

1938-ல் தேகு என்ற ஊரில் லீ பியுங் சுல் என்பவர் ஒரு மண்டி வைத்தார். கருவாடு, காய்கறி, பழம், நூடுல்ஸ் வியாபாரம். கடையின் பெயர் சாம்சங்! அதே சாம்சங்தான். 1983-ல் அவர்கள் சிப் தயாரிக்கப் போகிறோம் என்று அறிவித்தபோது பலர் சிரித்தார்கள். 1995-ல் தங்கள் தொழிற்சாலையில் செய்த போன்கள் சரியாக வேலை செய்யவில்லை என்று புகார் வந்தது. அப்போதைய தலைவர் லீ குன் ஹீ, சுமார் ஒன்றரை லட்சம் கருவிகளைத் தொழிற்சாலை வாசலில் குவித்துத் தீ வைக்கச் சொன்னார். செய்த தொழிலாளர்களையே நிற்க வைத்துப் பார்க்கச் செய்தார். பலர் அழுதார்களாம். தப்புப் போட்ட நோட்டைக் கிழித்தால் நமக்கே எவ்வளவு வலிக்கிறது!

இன்று கம்ப்யூட்டரிலும் போனிலும் தகவலைச் சேமிக்கும் நினைவக சிப்புகளில் உலகின் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ் என்ற இரண்டு கொரிய நிறுவனங்கள்தான் செய்கின்றன. 2024-ல் தென் கொரியாவின் ஏற்றுமதி 68 ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சிப்.

இப்போது ஒரு கேள்வி. இரும்பும் கப்பலும் காரும் கனமானவை, துறைமுகம் வேண்டும். சிப் எவ்வளவு கனம்? விரல் நுனியில் வைத்துவிடலாம். அதற்குத் துறைமுகம் எதற்கு? விமான நிலையம் போதும். 2001-ல் இஞ்சியோனில், இரண்டு தீவுகளுக்கு நடுவே இருந்த சேற்றுக் கடலைத் தூர்த்து, பெரிய விமான நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். சிப் ஆலைகள் பெரும்பாலும் சியோலைச் சுற்றியுள்ள கியோங்கி மாகாணத்தில்தான் எழுந்தன. படித்த எஞ்சினீயர்களும் அங்கேதான் இருக்க விரும்பினார்கள்.

அதாவது, விற்கிற பொருள் மாறியதும் வேலையும் தென்கிழக்கிலிருந்து வடமேற்குக்கு நகர்ந்துவிட்டது. வேலை போன வழியே இளைஞர்கள் போனார்கள். சியோல், இஞ்சியோன், கியோங்கி மூன்றும் சேர்ந்தால் நாட்டின் நிலத்தில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் நாட்டின் 5 கோடியே 17 லட்சம் மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். பத்துப் பேர் உட்காரும் திண்ணையில் ஊரே ஏறி உட்கார்ந்த கதைதான்!

2004 ஏப்ரலில் மணிக்கு 300 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும் ரயில் வந்தது. சியோலிலிருந்து புசானுக்கு இப்போது சுமார் இரண்டரை மணி நேரம். வேகமாகப் போக முடிந்தால் மக்கள் தூரத்து ஊர்களிலும் குடியேறுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் பாதை இரண்டு பக்கமும் திறந்ததுதானே? புசானில் இருப்பவர் நல்ல மருத்துவமனை வேண்டும் என்றாலும், நல்ல கடை வேண்டும் என்றாலும் காலையில் ஏறி சியோலுக்குப் போய் மாலையில் திரும்பிவிடுகிறார். நெரிசலைக் குறைக்க 2012-ல் செஜோங் என்ற புதிய நகரைத் திறந்து பல அமைச்சகங்களை அங்கே கொண்டுபோனார்கள். கொரிய எழுத்தை உருவாக்கிய மன்னரின் பெயர் அது. ஆனாலும் தலைநகர் என்னவோ இன்றும் சியோல்தான்.

கழற்றிக் கொடுத்த மோதிரம்

1997 கடைசியில் அந்த நாட்டுக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. பெரிய நிறுவனங்கள் அளவுக்கு மீறிக் கடன் வாங்கியிருந்தன. வெளிநாட்டுக்குத் திருப்பிக் கொடுக்க டாலர் இல்லை. பன்னாட்டு நிதியத்திடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. அப்போது மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கல்யாண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு வந்த குட்டி மோதிரம், விளையாட்டில் வாங்கிய தங்கப் பதக்கம் என்று கொண்டுவந்து வரிசையில் நின்று கொடுத்தார்கள். சுமார் 35 லட்சம் பேர் கொடுத்த தங்கம் 227 டன்!

அந்தத் தங்கத்தால் மட்டும் கடன் அடைந்துவிடவில்லை. கடன் அதைவிடப் பல மடங்கு பெரியது. பல நிறுவனங்கள் மூடப்பட்டன. லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். 2001 ஆகஸ்டில், சொன்ன தேதிக்கு மூன்று ஆண்டு முன்பே, கடனை அடைத்துவிட்டார்கள். ஆனால் அப்பா திடீரென்று வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிள்ளைகள் அதை மறக்கவில்லை. 'சியோலில் நல்ல பல்கலைக்கழகம், அப்புறம் பெரிய கம்பெனி அல்லது அரசு வேலை. இல்லாவிட்டால் வாழ்க்கை இல்லை' என்ற பயம் வீட்டுக்கு வீடு குடியேறிவிட்டது.

அந்தப் பயத்தை நேரில் பார்க்க நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை போதும். அன்றுதான் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கின்றன. பங்குச் சந்தையே ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்குகிறது. நேரமாகிவிட்ட மாணவரைப் போலீஸ் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறக்கிறது. ஆங்கிலம் கேட்டு எழுதும் பகுதி நடக்கும்போது சுமார் 35 நிமிடம் நாடு முழுவதும் எந்த விமானமும் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. இதற்காகவே பத்தில் எட்டு மாணவர்கள் பள்ளி முடிந்ததும் 'ஹக்வோன்' என்ற டியூஷன் மையங்களுக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள். உங்களுக்கு டியூஷன் என்றால் எப்படி இருக்கும் என்று நான் கேட்கவே மாட்டேன்.

நூறு பேருக்குப் பதின்மூன்று பேர்

டியூஷனுக்குச் செலவு. சியோலில் வீட்டு விலை கேட்டாலே தலை சுற்றும். அலுவலகத்தில் நெடுநேர வேலை. குழந்தை பிறந்தால் அம்மா வேலையை விட வேண்டி வருகிறது. இதையெல்லாம் கணக்குப் போட்ட இளைஞர்கள் பலர் கல்யாணமே வேண்டாம் என்கிறார்கள். செய்துகொண்டாலும் குழந்தை வேண்டாம் என்கிறார்கள்.

1960-ல் கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு குழந்தைகள். 'இரண்டு போதும்' என்று அரசு ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தது. 1980-களில் 'ஒன்றே போதும்' என்றது. 2023-ல் அந்தச் சராசரி 0.72-க்கு வந்துவிட்டது. முக்கால் குழந்தைகூட இல்லை! எங்கேயாவது முக்கால் குழந்தை பிறக்குமா என்று சிரிக்காதீர்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50 ஆண்கள், 50 பெண்கள், மொத்தம் 100 பேர். ஒரு பெண்ணுக்கு 0.72 என்றால் அவர்களுக்கு 36 குழந்தைகள். அதில் பாதி பெண்கள், 18 பேர். அவர்களுக்கு 13 குழந்தைகள். தாத்தா பாட்டி நூறு பேர். பேரன் பேத்தி பதின்மூன்று பேர்.

1970-ல் அங்கே 10 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 2023-ல் 2 லட்சத்து 30 ஆயிரம். 2024-ல் கொஞ்சம் கூடி 2 லட்சத்து 38 ஆயிரம் ஆனது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதல் தடவையாகக் கூடியது என்பதால் அதையே பெரிய செய்தியாகப் போட்டார்கள். மக்கள்தொகை குறையாமல் இருக்க அந்தச் சராசரி 2.1 ஆக இருக்க வேண்டும். நம் தமிழ்நாட்டில் அரசின் மாதிரிக் கணக்கெடுப்பின்படி 2020-ல் அது 1.4.

மனிதர்களின் உழைப்பை மட்டுமே நம்பி எழுந்த நாட்டில் மனிதர்களே குறைகிறார்கள். இதற்கு அவர்கள் என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். தொழிற்சாலைகளில் 10 ஆயிரம் தொழிலாளர்களுக்குச் சுமார் ஆயிரம் ரோபோக்கள் என்ற கணக்கில் நிறுத்தியிருக்கிறார்கள். உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. நேபாளம், வியட்நாம், கம்போடியா, இலங்கை நாடுகளிலிருந்து ஆட்களை அழைத்துக் கப்பல் தளத்திலும் வயலிலும் வேலைக்கு வைக்கிறார்கள். ஒரு கட்டுமான நிறுவனம் 2024-ல், தன் ஊழியருக்குக் குழந்தை பிறந்தால் 10 கோடி வோன் பரிசு என்று அறிவித்தது. நம் பணத்தில் 60 லட்ச ரூபாய்க்கு மேல்!

கடலையும் வாங்குகிறவர்களையும் நம்பி இருப்பதில் வேறொரு கவலையும் உண்டு. வாங்குகிறவர் முகம் சுளித்தால் இங்கே வயிறு கலங்கும். 2025-ல் அமெரிக்கா வெளிநாட்டுக் கார்களுக்கு 25 சதவீத வரி போட்டது. கொரியா நீண்ட பேச்சு நடத்தி, அமெரிக்காவில் 35 ஆயிரம் கோடி டாலர் முதலீடு செய்கிறோம் என்று ஒப்புக்கொண்டுதான் அதை 15 சதவீதமாகக் குறைக்கச் சம்மதம் வாங்கியது. இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பணத்தில் அமெரிக்காவில் தொழிற்சாலை எழும்பினால், அங்கே கிடைக்கும் வேலை உல்சான் இளைஞருக்குக் கிடைக்காது. அந்த இளைஞர் எங்கே போவார்? சியோலுக்குத்தான் பஸ் ஏறுவார்.

அவர் ஏறிப்போன ஊரில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்போம். 2024-ல் தென் கொரியாவில் 150-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பில் சேர ஒரு குழந்தைகூட வரவில்லை. பெரும்பாலும் கிராமத்துப் பள்ளிகள். நாட்டின் தெற்கு ஓரத்தில் கங்ஜின் என்று ஒரு வட்டாரம். அங்கே ஒரு பள்ளிக்கு 2019-ல் இந்த நிலைமை வந்தபோது, தலைமை ஆசிரியருக்கு ஒரு யோசனை தோன்றியது. சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கே போகாமல், எழுதப் படிக்கத் தெரியாமலே வயதாகிப்போன பாட்டிகள் ஊரில் இருந்தார்கள். "நீங்கள் வந்து சேருங்களேன்" என்று கூப்பிட்டார். எழுபது வயதுப் பாட்டிகள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு பள்ளி பஸ்ஸில் ஏறிவந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து, பென்சிலைப் பிடித்து, செஜோங் மன்னர் உருவாக்கிய எழுத்தின் முதல் எழுத்தை எழுதக் கற்றுக்கொண்டார்கள். தூரத்து நகரங்களில் இருக்கும் தங்கள் பிள்ளைகளுக்குச் சொந்தக் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது அவர்களில் ஒரு பாட்டியின் ஆசையாம்.